எதிராக வாக்களித்தவருக்கு வந்த கோபம்

இது நடந்து மூன்று, நான்கு வருடம் இருக்கும். குளிர்காலம் முடிகிற நேரம். ஆக்லாந்தில் சான்ட்ரிங்ஹாம் பக்கம், பன்னிரண்டு வீடுகள் இரண்டு மாடிகளாக ஒட்டியிருக்கும் ஒரு குடியிருப்பில் நாங்கள் இருக்கிறோம். இப்படியான இடங்களில் வீட்டுச் சொந்தக்காரர்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருக்க வேண்டும். இங்கே அதை பாடி கார்ப்பரேட் என்பார்கள். குப்பைத் தொட்டியை எங்கே வைப்பது, யார் எங்கே காரை நிறுத்துவது என்று வருடத்துக்கு ஒரு முறை கூடிப் பேசுவோம். வேறு யாரும் முன்வராததால் அந்த வருடம் நான் தலைவி. நான் ஒரு பள்ளி அலுவலகத்தில் வேலை செய்கிறவள். விதிகள், படிவங்கள் எல்லாம் எனக்குப் பழகிப்போன விஷயம். அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு.

மேல்மாடியில் ஒன்பதாம் நம்பர் வீட்டில் ஒரு வெள்ளைக்காரர் இருந்தார். கூரை வேலை செய்தவர். ஏணியிலிருந்து விழுந்து முதுகில் அடிபட்டு, வேலையை விட்டவர். நரம்பு வலிக்கு அவருக்கு டாக்டர் கஞ்சா எழுதிக் கொடுத்திருந்தார். மருந்துச் சீட்டு இருந்தால் இங்கே அது சட்டப்படி சரி. சீட்டில்லாமல் வாங்கத்தான் தடை. அந்தத் தடையையும் எடுத்துவிடலாமா என்று முன்பு ஒரு பொதுத் தேர்தலோடு சேர்த்து நாடு முழுவதும் மக்களிடம் கேட்டார்கள். நான் வேண்டாம் என்று போட்டேன். சிறிய வித்தியாசத்தில் எங்கள் பக்கம்தான் வென்றது.

அந்த மனிதர் தன் மருந்தை ஒரு சின்னக் கருவியில் சூடாக்கி, ஆவியாக உள்ளே இழுக்க வேண்டும். எங்கள் குடியிருப்பில் வீட்டுக்குள்ளும் சரி, வளவிலும் சரி, புகையோ ஆவியோ எதுவும் கூடாது என்று ஒரு பழைய விதி. அதனால் மழையானாலும் தடியை ஊன்றிக்கொண்டு தெருவுக்குப் போய், பஸ் நிறுத்தத்துக்குச் சற்றுத் தள்ளி நின்று இழுத்துவிட்டு வருவார். போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் முறைத்துப் பார்ப்பார்கள். நானும் பார்த்திருக்கிறேன்.

அந்த வருடக் கூட்டத்துக்கு அவர் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பின்வளவில், துணி காயப்போடும் கம்பிக்கு அப்பால் இருக்கும் மூலையில் ஒரு பெஞ்சு போட வேண்டும். மருந்துச் சீட்டு உள்ளவர்கள் அங்கே இருந்து பாவிக்க அனுமதிக்க வேண்டும். இவ்வளவுதான்.

கூட்டம் கீழே கார் நிறுத்தும் இடத்தில் மடக்கு நாற்காலிகளைப் போட்டு நடந்தது. தீர்மானத்தைக் கடுமையாக எதிர்த்தவர் நாலாம் நம்பர் வீட்டுப் பெண். ஃபிஜி இந்தியர், பஸ் ஓட்டுகிறவர், வயதில் என்னைவிட ஐந்தாறு வருடம் இளையவர். அவருடைய சமையலறை ஜன்னல் நேராக அந்த மூலையைப் பார்த்துத்தான் திறக்கும். அதோடு, அவருடைய தம்பி சின்ன வயதில் இந்தப் பழக்கத்தால் படிப்பைத் தொலைத்தவன். அதை எல்லோர் முன்னாலும் சொன்னார். நானும் எதிர்க்கும் பக்கம்தான். எனக்கு அது பெரிய பலமாக இருந்தது. ஆனாலும் கைகளை எண்ணிப் பார்த்தபோது ஏழு வீடுகள் ஆம், ஐந்து வீடுகள் இல்லை. தீர்மானம் நிறைவேறியது.

எனக்கு மனம் ஆறவில்லை. அடுத்த சனிக்கிழமை தேநீரோடு உட்கார்ந்து எங்கள் சங்கத்தின் விதிகளை முதல் பக்கத்திலிருந்து வாசித்தேன். பாதியில் கிடைத்தது. ஒரு தீர்மானத்தில் ஒரு விஷயம்தான் இருக்கலாமாம். இவர் பெஞ்சையும் அனுமதியையும் ஒன்றாகச் சேர்த்திருந்தார். ஆகவே அது செல்லாது. கமிட்டியில் இருந்த மற்ற இரண்டு பேருக்கும் மின்னஞ்சல் போட்டேன். இருவரும் சரி என்றார்கள். தீர்மானம் ரத்து என்று பன்னிரண்டு வீட்டுக்கும் கடிதம் அடித்துத் தபால் பெட்டிகளில் போட்டேன்.

"விதி விதிதானே. நீ ஏன் யோசிக்கிறாய்?" என்றார் என் கணவர். மகள் கடிதத்தை வாசித்துவிட்டு, "அம்மா, யூ லாஸ்ட். இட்ஸ் ஓகே டு லூஸ்" என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டாள்.

அதன் விளைவு மறுநாளே தெரிந்தது. தபால் பெட்டிகளுக்கு மேலே யாரோ ஒரு தாளை ஒட்டியிருந்தார்கள். "நாங்கள் ஏன் கையைத் தூக்கினோம்?" என்று பெரிய எழுத்தில். என் கடிதம் நான்காகக் கிழிக்கப்பட்டு என் பெட்டிக்கே திரும்பி வந்தது. காலையில் எப்போதும் கைகாட்டும் எதிர்வீட்டுச் சீனத் தம்பதி, என்னைக் கண்டதும் காருக்குள் எதையோ தேடினார்கள். பஸ் நிறுத்தத்துக்குப் போய்வரும் ஒன்பதாம் நம்பர்காரர் மட்டும் வழக்கம்போல குட் மார்னிங் சொன்னார். அதுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது.

நாலாவது நாள் பின்னேரம் கதவைத் தட்டினார் அந்த பஸ் ஓட்டுநர். வேலை முடிந்து சீருடையோடு நேரே வந்திருந்தார். நன்றி சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்துத் தேநீருக்குக் கேத்தலைக்கூடப் போட்டுவிட்டேன். அவர் உள்ளே வரவில்லை. வாசலிலேயே நின்றார். அவருடைய பாட்டனின் தகப்பன் தமிழ்நாட்டிலிருந்து கரும்புத் தோட்டத்துக்குப் போனவர். ஆனால் அவரிடம் மிஞ்சியிருந்த தமிழ் சில சொற்கள்தான். அக்கா என்பது அதில் ஒன்று. மற்றதெல்லாம் ஆங்கிலத்தில்தான் பேசினோம். என் மனதில் பதிந்தபடி தமிழில் எழுதுகிறேன்.

"அந்தக் கடிதத்தைத் திரும்ப வாங்கிக்குங்க, அக்கா" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. "நீங்களும் வேண்டாம் எண்டுதானே போட்டீங்கள்?"

"ஆமா. நாளைக்குக் கேட்டாலும் வேண்டாம்னுதான் போடுவேன். ஆனா ஏழு பேர் வேணும்னு போட்டாங்களே, அது எங்கே போச்சு?"

விதிப்படி தீர்மானத்தில் பிழை இருக்கிறது என்று விளக்கத் தொடங்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "நாம ஜெயிச்சிருந்தா அந்த விதியைத் தேடிப் போயிருப்பீங்களா?" என்றார்.

எனக்கு ஆச்சரியம் அடங்கவில்லை. இந்த ரத்தால் அதிக லாபம் அவருக்குத்தான். அவருக்கு ஏன் இந்தக் கோபம்? கேட்டேவிட்டேன்.

அப்போதுதான் உள்ளே வந்து உட்கார்ந்தார். அவருக்குப் பத்து வயதாக இருக்கும்போது ஃபிஜியில் ஒரு தேர்தல் நடந்தது. அவருடைய அப்பா தச்சுவேலை செய்தவர். நல்ல சட்டை போட்டுக்கொண்டு வரிசையில் நின்று வாக்களித்துவிட்டு வந்தார். அவர் போட்ட கட்சி வென்றது. ஒரு மாதம்தான். துப்பாக்கியோடு இராணுவம் பாராளுமன்றத்துக்குள் நுழைந்தது, அரசாங்கம் போய்விட்டது. ரேடியோவில் ஏதேதோ காரணம் சொன்னார்கள். அப்பா காரணத்தைக் கேட்கவே இல்லையாம். ரேடியோவை நிறுத்திவிட்டு வேலைக்குப் போய்விட்டாராம்.

"அப்புறம் நாங்க இங்கே வந்தோம். அப்பா சாகிற வரைக்கும் ஒரு தடவைகூட ஓட்டுப் போடலை, அக்கா. தேர்தல் நாள்னா வீட்டுக்குள்ளேயே இருப்பார். எதுக்கு, அப்புறம் யாராவது வேண்டாம்னு சொல்லிடுவாங்கன்னு சொல்லுவார். ஒரு பெஞ்சுக்காக இங்கேயும் ஏழு பேரை அப்படி ஆக்கணுமா?"

என் கடிதத்தைத் துப்பாக்கியோடு சேர்த்துப் பேசுவது அநியாயம் என்று ஒரு கணம் கோபம் வந்தது. ஆனால் வாக்குச் சாவடிக்குப் போய், உன் பெயரில் ஏற்கெனவே யாரோ போட்டுவிட்டார்கள் என்று திருப்பி அனுப்பப்பட்ட அனுபவம் யாழ்ப்பாணத்தில் எனக்கே உண்டு. அன்று வீடுவரை நடந்தபோது இருந்த அவமானம் இன்னும் மறக்கவில்லை. அதே அவமானத்தைப் பெட்டி பெட்டியாக நானே போட்டிருக்கிறேன் என்பது அவர் எழுந்து போன பிறகுதான் உறைத்தது.

மறுநாள் ஒன்பதாம் நம்பர் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்டேன். அவர் நாற்காலியில் இருந்து மெதுவாக எழுந்து கை கொடுத்தார். நாடு முழுவதும் நடந்த வாக்கெடுப்பில் அவர் ஆம் என்று போட்டவராம். தோற்றபோது ஒரு வாரம் கவலையாக இருந்ததாம், ஆனால் யாரோடும் கோபம் வரவில்லையாம். "அது தோல்வி. தோற்றால் தோற்றதுதான். இது அப்படியில்லை" என்றார். நான் அந்தக் கருவியைப் பார்க்கலாமா என்று கேட்டேன். இவ்வளவு எதிர்த்தும் அதை நான் கிட்டத்தில் பார்த்ததே இல்லை. சின்ன டார்ச் லைட் போல இருந்தது. சிரித்துக்கொண்டே எப்படித் திறப்பது என்று காட்டினார்.

அவசரக் கூட்டம் போட்டேன். பன்னிரண்டு வீடும் வந்திருந்தது. யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் எழுந்து நின்று, "அந்த விதி உண்மை. ஆனால் தோற்ற பிறகுதான் அதைத் தேடினேன். கடிதத்தைத் திரும்பப் பெறுகிறேன். பழைய முடிவே இருக்கட்டும்" என்றேன்.

ஒன்பதாம் நம்பர்காரர்தான் கையை உயர்த்தினார். பெஞ்சு தனியாக, அனுமதி தனியாக, மறுபடி வாக்கெடுக்கச் சொன்னார். பிழை இருக்கிறது என்று யாராவது பின்னால் சொல்லக்கூடிய இடத்தில் உட்கார அவருக்கு விருப்பமில்லையாம். இந்த முறை அவர் தோற்கவும் கூடும். அது அவருக்கும் தெரியும்.

கைகளை எண்ணும் வேலையை பஸ் ஓட்டுநரிடம் கொடுத்தோம். பெஞ்சுக்கு எல்லோரும் ஆம். அனுமதிக்கு அவர் சத்தமாக எண்ணினார். எட்டு. எதிராக நான்கு. அந்த நான்கில் ஒரு கை அவருடையது, ஒரு கை என்னுடையது. முதல் முறை எங்களோடு இருந்த ஒருவர் அந்தப் பக்கம் போயிருந்தார். பிறகு படியில் கண்டு ஏன் என்று கேட்டேன். என் கடிதத்தால் வந்த கோபம் என்று முகத்துக்கு நேரே சொன்னார். நான் செய்த அத்தனை வேலையும் என் பக்கத்திலிருந்து ஒரு வாக்கைக் குறைத்ததுதான் மிச்சம்!

பெஞ்சு வந்துவிட்டது. மாலையில் ஒன்பதாம் நம்பர்காரர் அங்கே வந்து உட்காருவார். பஸ் ஓட்டுநர் வீட்டில் இருந்தால் எட்டிப் பார்த்துக் கைகாட்டிவிட்டுத் தன் சமையலறை ஜன்னலைச் சாத்திக்கொள்வார். அந்த வாசனை அவருக்கு இன்னும் பிடிக்காது. எனக்கும் பிடிக்காது.

அடுத்த வருடம் பொதுத் தேர்தல் வந்தது. மவுண்ட் ஆல்பர்ட்டில் ஒரு மண்டபத்தில் நீண்ட வரிசை. முன்னால் நின்றவர் யாருக்குப் போடப்போகிறார், பின்னால் நின்றவர் யாருக்குப் போடப்போகிறார் என்று எனக்குத் தெரியாது. அனேகமாக எனக்குப் பிடிக்காத கட்சிக்காகவும் இருக்கலாம். அவர்களுடைய தாள்களும் என்னுடையதைப் போலவே ஒழுங்காக எண்ணப்பட வேண்டும் என்று மனதார நினைத்தது என் வாழ்க்கையில் அன்றுதான் முதல் தடவை.