பின்வரிசையில் நான்கு கம்பிகள்

கழுத்தில் கத்தி படுவதற்கு முன்பு நான் பாடகி. குன்னூரில் என் வீட்டுக்காரர் நடத்திய மெல்லிசைக் குழுவில் பெண் குரல் எல்லாமே என்னுடையதுதான். எஸ்டேட் கோயில் திருவிழா, ஊட்டி கல்யாண மண்டபம், சீசன் மாதங்களில் ஹோட்டல் புல்வெளி என்று பல வருடம் மேடையின் முன்னால், விளக்கு விழும் இடத்தில் நின்றேன். மூடுபனி இறங்கிய சாயங்காலங்களில் எதிரே ஆட்களே தெரியமாட்டார்கள். கைதட்டல் மட்டும் பனிக்குள்ளிருந்து வரும். அது எனக்குப் போதுமானதாக இருந்தது.

பிறகு தைராய்டு கட்டி வந்தது. கோயம்புத்தூரில் ஆபரேஷன். மேல் சுருதி கொஞ்சம் குறையலாம் என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். தையல் ஆறியது, பேச்சு வந்தது, பாட்டு வரவில்லை. கீழே ஒழுங்காகப் போகும் குரல், மேலே ஏறும் இடத்தில் வெறும் காற்றாகிவிடும். காலையில் பால் காயும்போது சமையலறையில் நின்று முயன்று பார்ப்பேன். காற்றுதான் வரும். பால் பொங்கிவிடும்.

வீட்டுக்காரர் என்னைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். அவர் ஒத்துக்கொண்ட நிகழ்ச்சிகள் வரிசையாக இருந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒத்திகைக்கு பக்கத்து ஊரான வெலிங்டனிலிருந்து ஒரு பெண்ணைக் கூட்டி வந்தார். காலேஜ் முடித்துவிட்டு டைப் கிளாஸ் போய்க்கொண்டிருந்த பெண். அவள் பாடிய முதல் பாட்டு, நான் வருடக்கணக்காக நிகழ்ச்சி முடிவில் பாடி வந்த பாட்டு. நல்ல குரல். அது நல்ல குரல் என்று எனக்குத் தெரிந்ததுதான் வேதனை. நான் பாட்டே தெரியாதவளாக இருந்திருந்தால் பொறாமைப்பட்டுவிட்டுப் போயிருப்பேன்.

அதே சமயத்தில் பாட்டுக்கு அடியில் கனத்த ஸ்வரம் வைக்கும் எங்கள் பேஸ் கிட்டார்காரருக்கு வளைகுடாவில் டிரைவர் வேலை கிடைத்தது. ஊட்டி பக்கத்து இத்தலார் ஊர்க்காரர். குழு தொடங்கிய நாளிலிருந்து எனக்குப் பின்னால் நின்றவர். அதிகம் பேசமாட்டார். வெளிநாட்டுக்குப் புறப்படும் முன் வீட்டுக்கு வந்து டீ குடித்துவிட்டுப் போனார். ஆளை எங்கே தேடுவது என்று யோசித்த வீட்டுக்காரர் இரண்டு நாள் கழித்து என்னிடம் சொன்னார்.

"ஏம்புள்ள, ஊட்டுல சும்மா உக்காந்து என்ன பண்ணப்போற? நீ பேஸ் வாசி. நாலே கம்பிதான். பாட்டெல்லாம் உனக்கு மனப்பாடம். பின்னால நின்னு தட்டிட்டு இருந்தாப் போதும்."

"எனக்குக் கிட்டார் தெரியாதுங்களே."

"அதுல தெரியறதுக்கு என்ன இருக்குது?"

அவர் அதை ஆறுதலாகத்தான் சொன்னார். ஆறுதல் சொல்ல அவருக்கு எப்போதுமே வராது.

அந்தக் கிட்டார் குழுவுக்குச் சொந்தமானது. ஊட்டியில் ஒரு ஹோட்டலில் வாசித்துக்கொண்டிருந்த பேண்டைக் கலைத்தபோது வீட்டுக்காரர் வாங்கி வந்தது. ஓரங்களில் கறுத்து நடுவில் மஞ்சளாகும் பழைய பெயின்ட், அதுவும் முழங்கை படும் இடத்தில் உரிந்து கட்டை தெரியும். நான்கு தடித்த கம்பிகள். ஒலியை வாங்கும் காந்தக் கட்டை நடுவில் ஒன்றே ஒன்று. திருகுவதற்கு இரண்டு குமிழ்கள். ஒன்று சத்தத்துக்கு, இன்னொன்று சத்தம் பளிச்சென்று இருக்க வேண்டுமா மங்கலாக இருக்க வேண்டுமா என்பதற்கு. அவ்வளவுதான். ஸ்வெட்டருக்கு மேல் மாட்டினால் தோள் இறங்கிப்போகும். குளிரில் அந்தக் கம்பிகளை அழுத்துவது, ஐஸ் தண்ணீரில் துணி பிழிவது மாதிரி இருக்கும்.

எனக்கு அது பிடிக்கவே இல்லை. ஒப்பனை செய்துகொண்டு நின்ற இடத்திலிருந்து என்னை இறக்கி, கையில் ஒரு சுமையைக் கொடுத்து மூலையில் நிற்க வைத்த மாதிரி இருந்தது. மேடையில் இப்போது எனக்கு அந்தப் பெண்ணின் முதுகு தெரியும். அவள் பின்னல் தெரியும். கைதட்டும்போது அவள் தலை லேசாகக் குனிவது தெரியும்.

டிரம்ஸ் வாசித்தவர் டீ ஃபேக்டரியில் வேலை பார்த்தவர். சிலோனிலிருந்து சின்ன வயதில் குடும்பத்தோடு வந்தவர். என் வயதுக்காரர்தான் என்றாலும் அண்ணா என்றே கூப்பிடுவேன். முதல் ஒத்திகையில் நான் தடுமாறியபோது அவர் ஒன்றுதான் சொன்னார்.

"தங்கச்சி, நான் கால்ல அடிக்கிற எடத்துல நீ கையில அடி. மிச்சத்த விட்டுரு."

மிச்சத்தை விட எனக்கு மனம் வரவில்லை. ஆறு மாதத்தில் விரல் பழகியது. காதும் சுருதியும் ஏற்கெனவே இருந்ததால் சீக்கிரமே பிடிபட்டது. பிடிபட்டதும் ஆட்டம் தொடங்கியது. பாடகி மூச்சு வாங்கும் இடைவெளியில் ஓர் ஓட்டம் ஓடுவேன். பல்லவி முடியும் இடத்தில் கீழிருந்து மேலே ஏறி இறங்குவேன். நான் பாடியிருந்தால் போட்டிருக்கக்கூடிய சங்கதிகளையெல்லாம் அந்தத் தடித்த கம்பிகளில் போட்டேன். யாராவது ஒருத்தராவது பின்னால் திரும்பிப் பார்க்க வேண்டும் என்று இருந்தது. சில பேர் பார்த்தார்கள். பொம்பளை கிட்டார் வாசிக்கிறாளே என்று பார்த்தார்கள்.

இந்தக் கிட்டாரில் குமிழ் போதவில்லை, இதைவிடப் பளபளப்பாகச் சத்தம் வரும் புதிய கிட்டார் ஒன்று வேண்டும் என்றும் வீட்டுக்காரரிடம் கேட்டுப் பார்த்தேன்.

"பேஸு யாருக்குக் கேக்கப் போவுது?" என்றார்.

மழைக்காலத்தில் நிகழ்ச்சிகள் இருக்காது. அப்படியொரு மத்தியானம், அவர் மேட்டுப்பாளையம் போயிருந்தார். நான் பாடிய நாட்களின் ஒத்திகை கேசட்டுகள் அலமாரியில் கிடந்தன. ஆபரேஷனுக்குப் பிறகு நான் அவற்றைத் தொடவே இல்லை. அன்று ஏனோ எடுத்துப் போட்டேன். அழ வேண்டும் என்றுதான் போட்டேன் என்று நினைக்கிறேன். தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்ததால் டேப் ரெக்கார்டரைக் காதோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

என் குரல் வந்தது. ஏறியது. எங்கேயும் காற்றாகவில்லை. அழுகை வந்ததும் உண்மை. ஆனால் மறுபடி ஓடவிட்டுக் கேட்டபோது, பழகிய காது தன் பாட்டுக்குக் கீழே இறங்கிவிட்டது. அங்கே இத்தலார்க்காரர் இருந்தார்.

அவர் ஒன்றுமே செய்யவில்லை என்று முதலில் தோன்றியது. ஒரு ஸ்வரம். டிரம்ஸில் கால் விழும் இடத்தில் அதே ஸ்வரம். பாட்டு நகரும்போது அடுத்ததற்கு ஒரு படி. நான் சங்கதி போடும் இடங்களில் அவர் அசையவே இல்லை. நான் மூச்சு வாங்கும் இடத்தில் அவரும் விரலால் கம்பியை அமர்த்திச் சத்தத்தை நிறுத்தியிருந்தார். நான் மறுபடி தொடங்கும்போது என் கால் வைக்கச் சரியான இடத்தில் அந்த ஸ்வரம் எனக்கு முன்னாலேயே வந்து நின்றது. ஓரிடத்தில் நான் அவசரப்பட்டு அரை அடி முன்னால் பாய்ந்திருந்தேன். ஒத்திகையில் யாரும் அதைக் கவனித்ததாக ஞாபகம் இல்லை. கவனிக்காததற்குக் காரணம் அவர்தான். இரண்டே அடியில் என்னைத் திருப்பிக் கொண்டுவந்து விட்டிருந்தார், தோளில் கைவைத்து நகர்த்துவது போல.

அந்தச் சத்தத்தையும் அன்றுதான் கேட்டேன். பளபளப்பே இல்லாத சத்தம். கட்டையைத் தட்டியது மாதிரி தொடங்கி, உருண்டையாக நின்று, அடங்கும். எந்தக் குரலோடும் முட்டாது. என் குரலுக்குள் புகுந்து அதைத் தடிமனாக்கியிருந்தது. என் குரல் கனமான குரல் என்று ஊரில் சொல்வார்கள். அந்தக் கனத்தில் பாதி என்னுடையதில்லை.

மழை விட்டதும் கிட்டாரை எடுத்து இரண்டாவது குமிழைப் பாதிக்கும் கீழே திருப்பினேன். அந்தச் சத்தம் உள்ளேயேதான் இருந்தது. அந்தக் கேசட்டோடு சேர்ந்து வாசித்தேன். அவர் வாசித்ததை மட்டும் வாசிக்க வேண்டும் என்று முயன்றால் அது கஷ்டமாக இருந்தது. ஓட்டத்தை விடக் கஷ்டம். ஒரு ஸ்வரத்தை எங்கே தொடங்குவது என்பது பாதி வேலை, எங்கே நிறுத்துவது என்பது மீதி வேலை. என் கை நிறுத்தத் தெரியாத கை என்று தெரிந்துகொண்டேன். அவருக்கு இதைச் சொல்ல வேண்டும் போலிருந்தது. வளைகுடாவில் எந்த ஊர் என்றுகூட எனக்குத் தெரியாது.

அதன்பிறகு மேடையில் ஓடுவதை நிறுத்தினேன். டிரம்ஸ்கார அண்ணா மட்டும் முதல் நாளே திரும்பிப் பார்த்தார். குச்சியால் தன் தொப்பியை லேசாகத் தூக்கி வைத்தார்.

எமரால்டு என்ற மலை ஊரில் ஒரு கோயில் திருவிழா. பகல் நிகழ்ச்சி. காலையிலிருந்தே கரண்ட் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. பாட்டின் நடுவில் வீட்டுக்காரரின் கீபோர்டு ஒரு முறை கீச்சென்று கத்திவிட்டு ஊமையானது. அப்போது குழுவில் வேறு கிட்டார் கிடையாது. இசை என்று இருந்தது அந்தக் கீபோர்டு ஒன்றுதான். பெண் சரணத்தில் மேலே ஏறிக்கொண்டிருந்தாள். சுருதி காலடியிலிருந்து போய்விட்டது. அவள் தோள்கள் இறுகியதைப் பின்னாலிருந்து பார்த்தேன். அந்த இறுக்கம் எனக்குத் தெரியும்.

மைக்கும் ஸ்பீக்கரும் போகவில்லை, என் கிட்டாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கம்பியும் காந்தமும் தவிர அதில் கெட்டுப்போவதற்கு எதுவும் கிடையாது. அண்ணாவின் காலோடு சேர்ந்து அடிநாத ஸ்வரத்தை மட்டும் கொஞ்சம் அழுத்தி வைத்தேன். அலங்காரம் எதுவும் இல்லை. அவள் இறங்கி வர இடம் விட்டேன். அவள் மூச்சு வாங்கக் காத்திருந்தேன். அவள் தோள் தளர்ந்தது. டிரம்ஸும் நான்கு கம்பியும் மட்டும் துணையாக அந்தப் பாட்டை முடித்தாள். கூட்டம் எழுந்து நின்று தட்டியது.

வேனில் திரும்பும்போது வீட்டுக்காரருக்கு ஒரே பெருமை. "பாத்தீங்களா, கீபோர்டே இல்லாம புள்ள எப்படிச் சமாளிச்சுது! தனியாப் பாடிருச்சு!"

அந்தப் பெண் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மெதுவாகச் சொன்னாள்.

"அக்கா, நீங்க வாசிச்சதப் புடிச்சுட்டுத்தான் பாடுனேன்."

"தெரியும்" என்றேன். அவளாவது சொன்னாளே என்று சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். நான் ஒரு நாளும் அந்த இத்தலார்க்காரரிடம் சொன்னதில்லை. ஆனால் அப்போது எனக்கு வந்தது சந்தோஷமில்லை. அவள் அதை எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லியிருக்கலாம் என்றுதான் தோன்றியது.

அந்த விபத்திலிருந்து வீட்டுக்காரர் கற்றுக்கொண்டது வேறு. நல்ல கீபோர்டு வேண்டும் என்பதுதான் அவருக்குப் புரிந்தது. சென்னைக்குப் போய் வாங்கி வந்தார். அதில் டிரம்ஸ் இருந்தது, புல்லாங்குழல் இருந்தது, பேஸும் இருந்தது. இடது கையால் தொட்டால் போதும்.

"இனி நீ பனியில வந்து நின்னு கஷ்டப்பட வேண்டாம்" என்றார். "உடம்பப் பாத்துக்க."

அதையும் ஆறுதலாகத்தான் சொன்னார். நான் இரண்டு தடவை ஆறுதல் சொல்லி அனுப்பப்பட்டவள். அடுத்த மாதம் டிரம்ஸ்கார அண்ணாவும் வர வேண்டியதில்லை என்றாகிவிட்டது. அவருக்கு ஆறுதல்கூட இல்லை. வேன் வராததைப் பார்த்து அவரே புரிந்துகொண்டார்.

அவர்தான் பிறகு வீட்டு வாசலில் வந்து நின்றார். கூடலூரில் ஒரு குழுவில் சேர்ந்திருந்தார். அங்கே பேஸ் வாசிக்க ஆள் இல்லை. என்னைப் பற்றிச் சொல்லியிருந்தார். போகட்டுமா என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன். பேப்பரிலிருந்து தலை நிமிராமல், "போறதுன்னாப் போ. அந்தப் பழைய கிட்டார் கட்டை இங்க சும்மாத்தானே கெடக்குது" என்றார்.

கூடலூர்க் குழுவை நடத்தியவர் எலெக்ட்ரிகல் கடை வைத்திருந்த பாய். அங்கே பாதிக்குப் பாதி மலையாளப் பாட்டு. எனக்கு அந்தப் பாட்டுகள் தெரியாது. முதல் ஒத்திகையில் பயத்தில் ஸ்வரங்களை எண்ணி எண்ணி வைத்தேன். பாட்டு முடிந்ததும் பாய் கையைத் தூக்கினார்.

"சேச்சி, இது மதி, போதும். இதுக்கு மேல ஒண்ணும் சேக்க வேண்டாம் கேட்டோ."

நான் திரும்பிச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டேன். யாரோ ஒரு வேற்று ஊர்க்காரர், என்னை அரை மணி நேரம் கேட்டுவிட்டுச் சொன்ன அந்த ஒரு வார்த்தையை, வருடக்கணக்காக ஒரே வீட்டில் ஒரே பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தவர் சொல்லவில்லையே என்று இருந்தது. புகழ்ச்சி கிடைத்த இடத்திலும் கசப்புதான் முதலில் வந்தது. என் சுபாவம் அப்படி ஆகிவிட்டது.

அந்தக் குழுவோடு இன்றும் போய்க்கொண்டிருக்கிறேன். பின்னால்தான் நிற்கிறேன். புதிய கிட்டார் வேண்டுமா என்று பாய் கேட்டார். வேண்டாம் என்றேன். கம்பி மட்டும் மாற்றச் சொன்னேன், அதுவும் வழவழப்பான பழைய மாதிரிக் கம்பி.

வீட்டுக்காரர் இப்போது கீபோர்டைக்கூட வாசிப்பதில்லை. கம்ப்யூட்டரில் எல்லா வாத்தியமும் சேர்ந்த ட்ராக் தயார்செய்து ஓடவிடுகிறார். அந்தப் பெண் கல்யாணமாகித் திருப்பூர் போய்விட்டாள். யாராவது வந்து ட்ராக்கோடு பாடிவிட்டுப் போகிறார்கள். போன வாரம் நான் கூடலூர் புறப்பட்டுக்கொண்டிருந்தபோது கூப்பிட்டார்.

"ஏம்புள்ள, இதக் கொஞ்சம் கேளு. பேஸு எப்படி இருக்குதுன்னு சொல்லு."

குறை கண்டுபிடிக்க வேண்டும் என்றே உட்கார்ந்தேன். ஒரு குறையும் இல்லை. வேண்டிய இடத்தில் வேண்டிய ஸ்வரம். ஓட்டம் இல்லை, ஆட்டம் இல்லை. நான் வாசித்தாலும் அதைத்தான் வாசித்திருப்பேன். இவ்வளவு வருடம் கழித்து அவருக்கும் எது நல்ல பேஸ் என்று தெரிந்திருக்கிறது. எனக்குத் தெரியாமல் தெரிந்திருக்கிறது.

"பாடறவங்க மூச்சு வாங்கறதுக்கு லேட்டானா இது என்னங்க பண்ணும்?" என்று கேட்டேன்.

அவர் யோசித்தார். "அவங்கதான் சரியா வரோணும்" என்றார்.

"நல்லாருக்குதுங்க" என்று சொல்லிவிட்டு, ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன்.