அப்பாவின் பெயரில் ஓடிய வள்ளம்

ரதிதேவி அக்கா பாரிஸில் வள்ளத்தில் வேலைக்குப் போனவர். ஊரில் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். தீவில் பிறந்த தலைவிதி இங்கேயும் விடவில்லை என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

ஒபர்வில்லியேயில் கால்வாயை ஒட்டி நிற்கும் அலுவலகக் கட்டடங்களில் அவருக்கு மெனாஜ் வேலை. தரை துடைக்க வேண்டும், குப்பைக் கூடைகளை மாற்ற வேண்டும், யாரோ குடித்துவிட்டு வைத்த கோப்பைகளைக் கழுவ வேண்டும். லா சப்பலில் இருந்து மெத்ரோவில் போய் இறங்கினால் கால்வாயில் சின்னதாக ஒரு படகு நிற்கும். கோட் போட்டவர்களும் துப்புரவு வேலைக்காரரும் அதில் ஒன்றாக ஏறுவார்கள். டிக்கெட் கிடையாது. ஏழு நிமிடத்தில் அக்கா வேலை வாசலில் நிற்பார்.

எங்கள் தீவில் இருந்து ஆஸ்பத்திரி இருக்கிற அக்கரைக்குப் போக வள்ளத்தில் முக்கால் மணி நேரம் ஆகும். 2013இல் இங்கேயுள்ள எங்கள் ஊர் ஒன்றியம் அந்த வள்ளத்துக்குப் புது எஞ்சின் வாங்கிக் கொடுத்தது. வாங்கிய பிறகுதான் பிரச்சினை தொடங்கியது. டீசலுக்கும் ஓட்டுகிற பேதுரு அண்ணையின் சம்பளத்துக்கும் யார் பொறுப்பு? சனத்துக்கு வசதியில்லை என்றார்கள். வள்ளம் ஊர்ச் சங்கத்துடையது, எங்களுடையது அல்ல என்று பிரதேச சபை கையை விரித்தது.

அப்போது ஒன்றியத்தின் செயலாளராக நான் இருந்தேன். எங்கள் வீட்டில் முதலில் பட்டம் எடுத்தவன் நான், அதுவும் பொருளியலில். அந்தப் பெருமையை நான் ஒருநாளும் ஒளித்ததில்லை. நான் ஒரு வழி சொன்னேன். செத்தவர்களின் ஆண்டு நினைவுக்கு இங்கேயிருந்து ஊருக்கு அன்னதானக் காசு அனுப்புவது எங்கள் ஆட்களின் வழக்கம். அதை வள்ளத்துக்குத் திருப்பினால் என்ன? யாருடைய நினைவு நாளோ அன்று முழுக்கப் பயணம் இலவசம், மற்ற நாட்களில் வழமையான நூறு ரூபா. இறங்குதுறையில் ஒரு பலகை: ‘இன்றைய பயணம் அமரர் இன்னார் நினைவாக.’ மண்டபமே கைதட்டியது. முதல் வருடத்திலேயே அறுபதுக்கு மேற்பட்ட நாட்களுக்குப் பெயர் விழுந்தது. ஒக்டோபர் பத்தொன்பதை ரதி அக்கா எடுத்தார். அது அவருடைய அப்பா ஏரம்பமூர்த்தியின் நாள்.

2016இல் அந்த நாளன்று ஊரில் இருந்து வீடியோ வந்தது. வள்ளத்தில் சனம் பிதுங்கி, விளிம்பிலும் ஆட்கள் குந்தியிருந்தார்கள். அப்பாவின் பெயருக்கு இவ்வளவு கூட்டமா என்று அக்காவுக்குக் கண் கலங்கியது. இரண்டாம் தரம் போட்டுப் பார்த்தபோதுதான் கூட்டத்துக்குள் தங்கை நாகேஸ்வரி தெரிந்தார். வலது காலில் துணி சுற்றியிருந்தது.

உடனே போன் எடுத்தார். நாகேஸ்வரிக்குச் சீனி வருத்தம். காலில் புண் வந்து பன்னிரண்டு நாளாகிவிட்டது.

“பன்னிரண்டு நாளா என்னடி செய்தனீ?”

“அப்பான்ர நாள் வருகுதுதானே, அண்டைக்குப் போவம் எண்டு நிண்டனான்.”

“நூறு ரூவா இல்லாமலோ நிண்டனீ?”

“இருந்தது. சும்மா போகலாம் எண்டேக்கை ஆர் அக்கா காசு குடுத்துப் போறது?”

இன்னும் இரண்டு நாள் பிந்தியிருந்தால் விரலை எடுத்திருக்க வேண்டும் என்று டொக்டர் ஏசினாராம். இனி ஒவ்வொரு கிழமையும் அக்கரைக்குப் போய்ப் புண்ணுக்கு மருந்து கட்ட வேண்டும். அக்கா பேதுரு அண்ணையிடம் விசாரித்தார். அவர் சொன்னது அதைவிடப் பயமாக இருந்தது. நினைவு நாளில் வள்ளம் கவிழப் பார்க்கிறது. மற்ற நாளில் ஐந்தாறு பேர்தான் வருகிறார்கள், டீசலுக்கே காணாது. மிச்சச் சனம் வீட்டில் கலண்டரைப் பார்த்துக்கொண்டு அடுத்த அமரருக்காகக் காத்திருக்கிறது. தை மாதம் தொடக்கம் பெயர் இல்லாத நாட்களில் வள்ளத்தை ஓடவிடப் போவதில்லை என்றார்.

அப்படி நடந்தால் நாகேஸ்வரியின் கால் என்ன ஆகும்? அடுத்த நாள் காலை கால்வாய்ப் படகில் அக்கா தன் அரைகுறைப் பிரெஞ்சில் படகோட்டியிடம் கேட்டார்: இதுக்கு யார் காசு கொடுக்கிறார்கள்? கட்டடச் சொந்தக்காரர்கள்தான் என்றான் அவன். நீங்களெல்லாம் வந்து சேராவிட்டால் அந்தக் கட்டடங்களை யார் வாடகைக்கு எடுப்பார்கள் என்று கேட்டுச் சிரித்தான். அக்காவின் நவிகோ என்ற மெத்ரோ பயண அட்டைக்கும் பாதிக் காசை முதலாளிதான் கொடுக்கிறார். அன்று முழுக்கத் தரை துடைத்தபடி அதையே யோசித்திருக்கிறார்.

கார்த்திகையில் லா கூர்னெவ் மண்டபத்தில் ஒன்றியத்தின் பொதுக்கூட்டம். பெண்கள் வழக்கமாகத் தேத்தண்ணி மேசையோடு நின்றுவிடுவார்கள். அக்கா முன்வரிசைக்கு வந்து, எங்கள் திட்டத்தால் ஊரில் நடந்ததை ஒன்றும் விடாமல் சொன்னார். என் திட்டம் என்று என் பெயரைச் சொல்லவில்லை. நான் குனிந்து குறிப்பு எழுதினேன்.

“சனம் அக்கரைக்குப் போய் வாறதால ஆருக்கு நன்மையோ அவையெல்லாம் குடுக்கட்டும்” என்றார். “கடைக்காரர் சாமானுக்குக் குடுக்கட்டும். பேதுரு அண்ணைக்குச் சம்பளம் சபை குடுக்கட்டும். தீவுக்கு வாற வாத்தியார்மாருக்குக் கல்விக் கந்தோரைக் கேப்பம். ஏறுற சனமும் இருவது ரூவா குடுக்கட்டும். குறையிறதை நாங்கள் போடுவம். ஆனால் ஒவ்வொரு நாளும் ஒரே மாதிரி ஓடவேணும். நினைவு நாள் பலகை வேண்டாம்.”

தலைவர் யோகநாதன் அண்ணை லா சப்பலில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர். தை மாதம் அவருடைய அம்மாவின் நாள். பலகைக்குப் புதுப் பெயின்ற் அடிக்கச் சொல்லியிருந்தார்.

“பிள்ளை, பேர் இல்லாட்டி இஞ்சை ஆர் காசு தருவினம்?”

அவர் கேட்டது நியாயம். மண்டபத்தில் பலர் தலையாட்டினார்கள்.

அக்கா என்னைப் பார்த்தார். “தம்பி, அந்த லிஸ்ரில முதல் என்ர அப்பான்ர பேரை வெட்டும். காசு வழமைபோல வரும்.”

நான் வெட்டினேன். பேனைச் சத்தம் எனக்கே கேட்டது.

“என்ர அம்மாவும் காசு குடுத்துத்தான் வள்ளத்தில போய் வந்தவ” என்றார் யோகநாதன் அண்ணை. “சும்மா ஏறினால் அப்ப வள்ளம் ஓட்டின பேதுருவின்ர தகப்பன் ஏசுவார் எண்டு பயம். சரி, பேரெல்லாம் இந்த மண்டபச் சுவரில இருக்கட்டும். வள்ளம் அங்கை ஓடட்டும்.”

எல்லாரும் சிரித்தார்கள். ஒன்பது பேர் மட்டும் எதிர்த்துக் கை உயர்த்தினார்கள். அதில் இருவர் பிறகும் காசு தரவில்லை.

தை தொடக்கம் வள்ளம் ஒருநாளும் நிற்காமல் ஓடியது. பேதுரு அண்ணையின் சம்பளத்தைச் சபை பொறுப்பெடுக்க ஒரு வருடமும் என்னுடைய நாலு கடிதங்களும் தேவைப்பட்டன. அந்தக் கடிதங்களை என் பட்டத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். கல்வி அலுவலகம் இன்னும் பதில் போடவில்லை. கேட்டுக்கொண்டே இருக்கிறோம்.

அடுத்த ஒக்டோபர் பத்தொன்பதாம் திகதி, அக்கா கால்வாய்ப் படகில் இருக்கும்போது நாகேஸ்வரி போன் எடுத்தார். கால் முழுக்கச் சுகம். சீனி பார்க்கப் போய் வருகிறார். ஆனாலும் குரலில் கோபம்.

“அப்பான்ர நாளிலயும் பேதுரு அண்ணை என்னட்டை இருவது ரூவா வாங்கிப்போட்டார்.”

“வள்ளத்தில எத்தினை பேர்?”

“ஒரு இருவத்தஞ்சு பேர் இருக்கும்.”

“நேற்று?”

“நேற்றும் அவ்வளவுதான். ஏன் கேக்கிறாய்?”

சும்மாதான் என்றார் அக்கா. வேலை வாசல் வந்திருந்தது. கோட் போட்டவர்கள் இறங்கும் வரை பொறுத்திருந்து, பையைத் தூக்கிக்கொண்டு தானும் இறங்கினார்.