சூசைமுத்து குனிந்த நாள்

வலைக் கிழிசலைத் தைக்க உட்காரும்போது சூசைமுத்து வலையைக் கொட்டகைத் தூணில் தன் முகத்துக்கு நேராகத் தூக்கிக் கட்டிக்கொள்வார். சோற்றுத் தட்டு கவிழ்த்த கூடையின்மேல் ஏறும். கோயிலில் ஊரே தலைகுனியும் நேரத்தில் இவர் மட்டும் கூரையைப் பார்த்தபடி முழங்காலில் நிற்பார். திமிர் பிடித்த மனுஷன் என்றது பாம்பன் ஊர். அவர் மனைவி லீமாரோஸுக்கு வேறு மனத்தாங்கல். அவள் காலில் முள் தைத்தால்கூட, “முள்ளெடுக்கிற கருத்தம்மாக்கிட்ட காட்டு” என்று சொல்லிவிட்டு நிமிர்ந்தே உட்கார்ந்திருப்பார்.

“குனிஞ்சா கண்ணுக்குள்ள என்னமோ உருண்டு வந்து அடைக்குது சாமி” என்று பங்குச் சாமியாரிடம் சொல்லிப் பார்த்தார். யார் நம்புவார்கள்? குனிந்தால் மண்டை பிளக்கும், குமட்டும், விளக்கைச் சுற்றி வானவில் தெரியும். மல்லாந்து படுத்தால் விட்டுவிடும். ஒரு கண்ணைச் சிறுவயதிலேயே அம்மை கொண்டுபோய்விட்டது. மிச்சமிருந்த கண்ணில்தான் சில வருஷம் முன்பு படகின் பாய்க்கயிறு அறுந்து அடித்தது; தொல்லை அதிலிருந்துதான். ஐம்பத்தெட்டு வயதில் அதுவும் மங்கத் தொடங்கியபோது ஆள் ஆடிப்போனார்.

நிமிர்த்தி உட்காரவைத்துக் கண்ணைப் பார்த்த வைத்தியர்கள் ஒன்றுமில்லை என்றார்கள். மதுரை டாக்டர் குருநாதன்தான், “எங்க, குனிங்க பாப்போம்” என்றார்.

“வலி உசுர எடுத்துரும்யா.”

“வந்தாத்தான் தெரியும்.”

குனிந்தார். கயிறு அடித்ததில் பிடி விட்டுப்போன லென்ஸ் வில்லை, பாவைத் துளையைத் தாண்டி முன்னே வந்து, எண்ணெய்ச் சொட்டுபோல மின்னியது. உள்ளே ஊறும் நீருக்குப் போக வழியில்லாமல் கண் கல்லாக இறுகியது.

“அது முன்னால நிக்கிறப்பவே மருந்து விட்டுப் பூட்டி, வெளிய எடுக்கணும். பின்னால நழுவுனா முங்கிரும், எடுக்கறது கஷ்டம்” என்றார் டாக்டர்.

இத்தனை வருஷம் தான் பயந்து ஓடிய வலியை வலியக் கூப்பிட்டு, அறுவைக்கு முன் குப்புறக் கிடந்தார் சூசைமுத்து. கட்டில் சட்டத்தை இறுகப் பிடித்துக்கொண்டார்.

“கண்ணு போயிருமாய்யா?”

“அசையாம இருந்தா காப்பாத்திரலாம்.”

மருந்தில் பாவை சுருங்கி, வில்லை பின்னே போகாமல் அடைபடும்வரை அவர் அசையவில்லை. டாக்டர் கருவிழி ஓரமாக வெட்டி வில்லையை எடுத்தார்.

புண் ஆறி, சோடாபுட்டிக் கண்ணாடியும், இனிக் குனியலாம் என்ற அனுமதியும் வாங்கிக்கொண்டு மனைவியோடு ரயிலில் ஊர் திரும்பினார். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் தலை குனிகிறாரா பார்ப்போம் என்று ஊர் காத்திருந்தது. ஸ்டேஷனைத் தாண்டி மணலில் நடக்கையில் லீமாரோஸ் சட்டென்று ஒற்றைக் காலில் நின்றாள். முள்.

“நீங்க முன்னால போங்க. நான் கருத்தம்மா வீட்டுல எடுத்துட்டு வாரேன்” என்றாள், பழக்கத்தில்.

சூசைமுத்து மணலில் உட்கார்ந்தார். அவள் பாதத்தை இழுத்து மடியில் வைத்தார். கண்ணாடியை மூக்கின்மேல் ஏற்றிக்கொண்டு, மெல்லக் குனிந்தார்.