மாதிரி வீட்டு அம்மா

போத்தனூரைத் தாண்டி, ஒரே அச்சில் வார்த்ததுபோல் வரிசையாக வீடுகள் கட்டிக்கொண்டிருந்தார்கள். முதலில் முடித்த மாதிரி வீட்டில்தான் நாங்கள் குடியிருந்தோம். குடியிருந்தோம் என்பது கொஞ்சம் பெரிய வார்த்தை. அப்பா அங்கே சைட் சூப்பர்வைசர். வாடகையில்லாமல் பின்பக்கத்து ஸ்டோர் ரூமை எங்களுக்கு விட்டிருந்தார்கள். ஹாலும் படுக்கையறைகளும் துடைத்து வைப்பதற்கு மட்டும் எங்களுடையவை.

வீடு வெள்ளை வெளேரென்று இருக்கும். சாமிக்கு ஒரு மாடம் கிடையாது, ஆணியில் ஒரு காலண்டர் கிடையாது. டீவி அட்டையில் செய்தது. அலமாரியில் இருந்த புத்தகங்கள் வெறும் காலிப் பெட்டிகள். தட்டில் இருந்த ஆப்பிளை ஒருமுறை கடித்துப் பார்த்தேன், மெழுகு. அறை பெரிதாகத் தெரிய வேண்டும் என்று சோபா, கட்டில் எல்லாவற்றையும் ஒரு சாண் சிறிதாகச் செய்திருந்தார்கள். அப்பா இதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தச் சோபாவில் உட்கார்ந்தால் அப்பாவே ராட்சசன்போல் தெரிந்தார்.

விற்பனையைப் பார்த்துக்கொண்ட மேனேஜர் ஒருநாள் அப்பாவிடம் வந்தார். "ஏனுங்க, வந்து பாக்கறவங்க எல்லாம் ஊடு மியூசியமாட்ட இருக்குதுங்கறாங்க. ஞாயித்துக்கெழமை மட்டும் உங்கூட்டு அம்மணி ஊட்டுக்காரியாட்ட ஹால்ல நின்னாப் போதுமுங்க."

குழந்தையறையோ நீலச்சுவரும் கார் வடிவக் கட்டிலுமாக ஆண்பிள்ளைக்கென்று செய்தது. அதற்கு நான் பொருந்தவில்லை. மேனேஜர் தன் அக்கா மகனைக் கூட்டிவந்தார். ஆக ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்காரி என் அம்மா, பிள்ளை அவன், நான் ஸ்டோர் ரூமில் அரிசி மூட்டைக்குத் துணை.

படியேறி வந்தவர்களுக்குச் சொம்பில் தண்ணீர் கொடுக்காமல் அம்மாவால் பேச்சைத் தொடங்க முடியாது. மாதிரி வீட்டுக் குழாய்களிலோ தண்ணீர் வராது, இணைப்பே கொடுத்திருக்கவில்லை. அதனால் எங்கள் குடத்தில் மொண்டு போக ஸ்டோர் ரூமுக்கு வருவாள். முதலில் எல்லாம் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டுவாள். போகப் போக, ஹாலில் சிரித்த அதே சிரிப்போடு உள்ளே வந்து, என்னைக் கண்டுகொள்ளாமல் மொண்டுகொண்டு போனாள். அந்தப் பக்கம் அவனைக் "கண்ணு, பாத்து வெளையாடு" என்பது காதில் விழும். கண்ணு என்பது நான். அந்த வீடு அம்மாவைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொள்கிறது என்று எனக்கு உறுதியாகத் தோன்றியது.

ஒரு ஞாயிறு, யாரும் சொல்லிக்கொடுக்காமலே அந்தப் பையன் அவளை "அம்மா" என்றான். "என்ன சாமி?" என்றாள் அவள். நான் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினேன். ஹாலில் வீடு பார்க்க வந்த கணவனும் மனைவியும் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். "அம்மா" என்று கத்தி அவள் புடவையைப் பிடித்துக்கொண்டேன்.

அவள் குனிந்து பார்த்தாள். சிரிப்பு மாறவில்லை.

"ஏனுங் கண்ணு, யாரூட்டுப் புள்ளைங்க? வழி தெரியாம வந்துபோட்டீங்ளா?"

"வேலை செய்யறவங்க புள்ளையாட்ட இருக்குதுங்க" என்றாள் வந்தவள்.

"ஆமாங்க" என்றாள் அம்மா. என் விரல்களைப் புடவையிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டாள். அவள் கை ஜில்லென்றிருந்தது.

வந்தவர்களுக்கு வீடு பிடித்துப்போய் அன்றே முன்பணம் கொடுத்துவிட்டுப் போனார்கள். சாயங்காலம் பழைய புடவைக்கு மாறிய அம்மா என்னை மடியில் போட்டுக்கொண்டு வெகுநேரம் அழுதாள். அடுத்த ஞாயிறு ஹாலுக்குப் போக மாட்டேன் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டாள். ஸ்டோர் ரூம் போய்விடும் என்று அப்பா கெஞ்சியும் கேட்கவில்லை. அந்த மாதமே நாங்கள் வேறு இடம் பார்க்கவேண்டி வந்தது.

வீடு விற்பதற்காக, பெற்ற பிள்ளையையே தெரியாது என்று நடிக்க வேண்டியிருந்ததே, அதற்குத்தான் அழுதாள் என்று வெகுகாலம் நினைத்திருந்தேன். போன வருடம் அவரைக்காய் நறுக்கிக்கொண்டே, நான் கேட்காமலே சொன்னாள்.

"அன்னைக்கு நான் நடிக்கல கண்ணு. நெஜமாலுமே உன்னைய யாருன்னு தெரியல."