கோலாட்ட சிடியும் திரையில் வந்த மீன்களும்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து சில சமயம் எனக்கே விளங்காது. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டோடு என் படிப்பு நின்றுவிட்டது. எந்த இடத்தில் பெரிய ‘ற’ வரும், எந்த இடத்தில் சின்ன ‘ர’ வரும் என்று இன்றைக்கும் தடுமாறுகிறேன். பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். இதை வாயால் சொல்லலாமே என்று கேட்பீர்கள். நாலு பேருக்கு முன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் எழுதுகிறேன்.

நான் பேக்டரி பஸ் ஓட்டுகிறவன். காலை ஷிஃப்டுக்குப் போகும் பெண்களைப் பினாங்கு டத்தோ கிராமாட்டில் எங்கள் ஃபிளாட் வாசலில் ஏற்றி, பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் இறக்கிவிடுவேன். சாயங்காலம் திரும்ப அழைத்து வருவேன். என் மனைவியும் அதே பஸ்ஸில்தான் வேலைக்கு வருவாள். எனக்கு நேர் பின்னால் முதல் இருக்கையில் உட்கார்ந்து வழி முழுக்கப் பேசிக்கொண்டே வருவாள். வேலை முடிந்து திரும்பும்போது, சோர்வில் என் கண் சொக்குவதைக் கண்ணாடியில் பார்த்துவிட்டால் இன்னும் சத்தமாகப் பேசுவாள். எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து அவளே பேசிவிடுகிறாள் என்பது பஸ்ஸில் எல்லாரும் சொல்வது.

“டிரைவர் அண்ணன் சத்தம் போடறது ஹார்ன்ல மட்டும்தான் லா!” என்று பின்னாலிருந்து ஓர் அக்கா சொல்லுவார். நான் சிரித்துவிட்டு கியரை மாற்றுவேன்.

அந்த வருஷம் எங்கள் வட்டார மண்டபத்தில் தீபாவளிக் கலைநிகழ்ச்சி ஏற்பாடாகியிருந்தது. பஸ்ஸில் வரும் பெண்கள் சேர்ந்து கோலாட்டம் ஆடுவதென்று முடிவு செய்தார்கள். யோசனை என் மனைவியுடையது. அவர்களில் ஒருத்தியின் கொழுந்தன் சுங்கை பட்டாணியில் கீபோர்டு வாசிப்பவர். நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு இவர்களுக்காகவே நான்கு பாட்டு வாசித்து, கேசட்டாக இல்லாமல் சிடியாகவே போட்டுக் கொடுத்தார். கொடுத்துவிட்டு வேலைக்கு சிங்கப்பூர் போய்விட்டார். அவர் பதிவு செய்த மூல நாடாவில் வேறு எதையோ பதிந்துவிட்டார்கள் என்று பிறகு தெரிந்தது. ஆக உலகத்தில் அந்தப் பாட்டு இருந்தது அந்த ஒரு சிடியில் மட்டும்தான்.

அதை இவர்கள் படுத்திய பாட்டைச் சொல்ல வேண்டும். சாயங்காலமானால் ஃபிளாட்டின் கீழ்த்தளத்தில் சிமெண்டுத் தரையில் பிளேயரை வைத்து ஒத்திகை. ஒத்திகை முடிந்ததும் ஆளுக்கு ஒரு நாள் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கேட்பார்கள். உறை எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது. டிஷ்யூ பேப்பரில் சுற்றி, சாப்பாட்டு டப்பா இருக்கும் பைக்குள்ளேயே வைப்பார்கள். கடைசிப் பாட்டுதான் வேகமானது. இரண்டு வரிசையும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து கோலை அடிக்க வேண்டும். சிடியில் கீறல் விழுந்து, ஒரு நாள் சரியாக அந்த இடத்தில் பாட்டு துள்ளியது. கோலில் விழ வேண்டிய அடி விரலில் விழுந்தது. மறுநாள் பஸ்ஸில் ஒருத்தி வீங்கிய விரலைக் காட்டி அழாத குறையாகச் சொன்னாள்:

“இந்த சிடிய வெச்சு ஆடுனா மேடையில நம்ம மானம் போயிடும் அக்கா. பேர வாபஸ் வாங்கிடலாம்.”

“எதுக்கு வாங்கணும்?” என்றாள் என் மனைவி. “என் வீட்டுக்காரர் வேற சிடி எழுதிக் குடுப்பார்.”

“யாரு, அண்ணனா?”

“பின்ன யாரு? வீட்டுல கம்ப்யூட்டர வெச்சுக்கிட்டு சும்மாவா உக்காந்திருக்கார்? ஞாயித்துக்கிழமை எழுதி, திங்கக்கிழமை கையில குடுப்பார். நான் சொல்றேன்ல!”

பஸ் முழுக்கக் கைதட்டல். கண்ணாடியில் எல்லா முகமும் என்னையே பார்த்தன. நான் கியரை மாற்றினேன். நான் அதுவரை ஒரு சிடிகூட எழுதியதில்லை. அவள் எத்தனையோ பேசியிருக்கிறாள், ஆனால் என்னை நம்பி ஊரறிய ஒரு வாக்குக் கொடுத்தது அதுதான் முதல் தடவை.

கணினி எங்கள் வீட்டுக்கு வந்தது மச்சானால். மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன், ஜுருவில் கார் சாமான் கடையில் வேலை. அவர் புதுக் கணினி வாங்கியபோது பழையதைத் தங்கைக்குத் தள்ளிவிட்டார். அதில் சிடி எழுதும் பெட்டி ஒன்றை ஆசையாகப் பொருத்தியிருந்தார். அதோடு வந்த மென்பொருள் கொஞ்ச நாள் ஓடிவிட்டு, மேற்கொண்டு ஓடப் பணம் கட்டு என்று கேட்டதாம். கோபத்தில் அதை அழித்துவிட்டார்.

எனக்கு அந்தக் கணினியைப் பிடித்துப்போனது. அது என்னைப் பேசச் சொல்லவில்லை. ஓய்வு நாளில் அதன் முன்னால் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்ப்பேன். புத்தகக் கடையில் ஆங்கிலக் கணினிப் பத்திரிகை ஒன்று கண்ணில் பட்டது. கூடவே ஒரு சிடி ஒட்டியிருந்தார்கள், அதற்காகவே வாங்கினேன். அதில் சிடியை நகலெடுக்கவும் எழுதவும் ஒரு மென்பொருள் இருந்தது. கூட இருந்த குறிப்பை அகராதியை வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தேன். யாரும் இதைப் பயன்படுத்தலாம், நகலெடுக்கலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம், காசு வேண்டாம் என்று எழுதியிருந்தது. எங்காவது ஒரு மூலையில் நிபந்தனை ஒளிந்திருக்கும் என்று திரும்பத் திரும்பப் படித்தேன். இல்லை. எந்த ஊர்க்காரரோ, முகம் தெரியாத என்னைப் போன்றவனுக்கும் உதவட்டும் என்று எழுதி வைத்திருக்கிறார். நான் முதலாளியிடம் லீவு கேட்கவே இரண்டு நாள் யோசிப்பவன். கேட்காமலே ஒருவர் இப்படிக் கொடுத்தது மனசுக்கு என்னவோ செய்தது.

மச்சான் சிரித்தார். “ஓசில குடுக்கிறதுக்கு அவன் என்ன உன் மாமனா, மாப்பிள்ளை? எழுதாது பாரு.”

அந்த மென்பொருளில் பொத்தான் கிடையாது, படம் கிடையாது. கறுப்புத் திரையில் ஒரு வரியை நாமே தட்டச்சு செய்ய வேண்டும். படித்தவர்களுக்கு அது தொல்லையாக இருக்கலாம். எனக்கு அதுதான் வசதியாக இருந்தது. பஸ் போகும் வழியை மனப்பாடம் செய்வதுபோல, இந்தச் சொல், பிறகு ஓர் இடைவெளி, பிறகு ஒரு கோடு என்று நெட்டுருப் போட்டுக்கொண்டேன். ஓர் இடைவெளி விட்டுப்போனாலும் ஏற்காது. ஆனால் திட்டாது, கேலி செய்யாது. மறுபடி தட்டச்சு செய்தால் ஏற்றுக்கொள்ளும்.

வேலை இரண்டு கட்டமாக நடக்கும். முதலில் சிடியில் உள்ளது அத்தனையையும், பாட்டுக்கு நடுவே உள்ள மௌனத்தையும் விடாமல், கணினிக்குள் ஒரே பெரிய கோப்பாக எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்கு இமேஜ் என்று பெயர். பிறகு அந்த இமேஜை வெற்று சிடியில் எழுத வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டதும் ஆரம்பித்தேன். பழைய சிடியைச் சோப்புத் தண்ணீரில் அலசி, பழைய பனியன் துணியால் நடுவிலிருந்து ஓரம் வரை மெல்லத் துடைத்தேன்.

“ஒரு நாளாவது சாப்பிட்ட தட்ட இப்படிக் கழுவியிருக்கீங்களா?” என்றாள் மனைவி.

முதல் மூன்று பாட்டும் தடங்கலின்றி உள்ளே போயின. நான்காவது பாட்டில் பெட்டி முனகியது. நின்றது. பின்னால் போய் மறுபடி படித்தது. மறுபடி முனகியது. ஒரு முரட்டு மேட்டில் லாரி ஏறுவதுபோலத் திணறித் திணறி, கடைசியில் ஏறிவிட்டது. முடிந்தது என்று ஒரு வரி வந்தது. அந்த வரியை எழுந்து நின்று படித்தேன். பாட்டு இனிமேல் யாருடைய சாப்பாட்டுப் பையிலும் இல்லை, என் கணினிக்குள் பத்திரமாக இருக்கிறது.

எழுதுவதில்தான் வம்பு வந்தது. எழுதும்போது கணினிக்கு வேறு எந்த இடைஞ்சலும் கூடாது, ஓட்டம் ஒரு நொடி அறுந்தாலும் சிடி வீணாகிவிடும் என்று பத்திரிகையில் போட்டிருந்தது. நான் அதை அப்படியே எடுத்துக்கொண்டேன். காற்றாடியை நிறுத்தினேன். டிவியை நிறுத்தினேன். கல்லில் சம்பல் இடித்துக்கொண்டிருந்த மனைவியைக் கும்பிட்டு நிறுத்தச் சொன்னேன். வேர்வை கொட்ட, இரண்டு பேரும் சிலை மாதிரி உட்கார்ந்திருந்தோம். பாதியில் பெட்டியின் விளக்கு அணைந்தது. பிழை என்று ஒரு வரி வந்தது. சிடி வீண்.

“நான் கைய மட்டும்தாங்க ஆட்டுனேன், கொசு கடிச்சுது,” என்றாள் அவள், குற்றவாளி போல.

இரண்டாவது சிடியைப் போடும்போது மச்சான் வந்து சேர்ந்தார். அவரையும் நாற்காலியில் உட்கார வைத்து, அசையக் கூடாது என்று சைகை காட்டினேன். எங்கள் வீடு அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. கொஞ்ச நேரத்தில் திரையில் நீலக் கடல் வந்தது. அதில் கலர் மீன்கள் நீந்தின. மச்சான் ஆசையாகப் பார்த்தார். பெட்டியின் விளக்கு துடித்து அணைந்தது.

“நான் மூச்சு விட்டேன் லா மாப்பிள்ளை. அதான் போச்சு,” என்றார் மச்சான்.

அவர்கள் இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் மீனையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் தடவையும் இந்த மீன்கள் வந்தன. அழகாக இருக்கிறது என்று நானும் ரசித்தேன். அது வந்த பிறகுதான் விளக்கு அணைந்தது. கணினியைக் கொஞ்ச நேரம் யாரும் தொடாவிட்டால், ஆள் இல்லை என்று நினைத்துக்கொண்டு அது மீன் விளையாட்டுக் காட்டப் போய்விடுகிறது. பழைய கணினி, இரண்டு வேலையை ஒன்றாகச் செய்ய அதற்குத் தெம்பில்லை. அப்படியென்றால் சிடியைக் கெடுத்தது சம்பல் கல் இல்லை, கொசு இல்லை, மச்சான் மூச்சும் இல்லை. நாங்கள் அசையாமல் உட்கார்ந்திருந்ததுதான்!

மீனை எங்கே போய் நிறுத்துவது என்று எனக்குத் தெரியாது. ஆனால் தூக்கம் வருகிறவனைத் தூங்கவிடாமல் வைத்திருப்பது எப்படி என்று தெரியும். தினமும் சாயங்காலம் முதல் இருக்கையிலிருந்து என் மனைவி எனக்குச் செய்வதுதானே அது?

மூன்றாவது சிடியைப் போட்டேன். மௌஸ் மேல் கையை வைத்துக்கொண்டு, அவ்வப்போது மெல்ல ஒரு விரல் அளவுக்கு நகர்த்தினேன். நான் இருக்கிறேன், தூங்காதே என்பதுபோல.

“காத்தாடியப் போடு. சம்பல இடி. மச்சான், நீங்க பேசுங்க,” என்றேன்.

“என்ன மாப்பிள்ளை, பைத்தியமா? மறுபடியும் போயிடும்!”

“போகாது. பேசுங்க.”

அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய், அதுவரை அடக்கி வைத்ததையெல்லாம் சேர்த்து இடித்தாள். சம்பலில் சேர்த்த பெலாச்சான் என்ற இறால் விழுதின் வாசனை வீட்டை நிறைத்தது. மச்சான் ஜுருவில் ஒரு வாடிக்கையாளரோடு போட்ட சண்டையை நடித்தே காட்டினார். நான் மௌஸை நகர்த்தினேன். விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. மீன் வரவில்லை. கடைசியில் பெட்டி தானாக வாயைத் திறந்து சிடியை நீட்டியது. தொட்டால் இளஞ்சூடு.

மூன்று பேரும் கீழே ஓடினோம். ஒத்திகைக்குக் கூடியிருந்த பெண்கள் அதைப் பிளேயரில் போட்டார்கள். நான்காவது பாட்டு வந்தது. துள்ளும் இடம் வந்தது. துள்ளவில்லை. வீங்கிய விரல்காரிதான் முதலில் கத்தினாள். மச்சான் என் முதுகில் அறைந்து, “ஓசிக்காரன் ஜெயிச்சுட்டான் லா!” என்றார்.

நிகழ்ச்சியன்று மண்டபத்தில் இன்னொரு கண்டம் காத்திருந்தது. ஒலிபெருக்கிக்காரர் சிடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அண்ணே, மேல பேரு ஊரு ஒண்ணும் இல்ல. வெறும் சிடிய குடுக்கிறீங்க போல?”

அவருடைய பெரிய பிளேயரில் போட்டார். அது சிடி இல்லை என்றது. மேடையில் பெண்கள் ஒரே நிறச் சேலையில் கோலைப் பிடித்து வரிசையாக நின்றுவிட்டார்கள். என் மனைவி முன் வரிசையில் நின்று என்னைத்தான் பார்த்தாள். வழக்கமாக நான் அங்கேயே நழுவியிருப்பேன்.

“இன்னொரு தடவ போடுங்க. எழுதின சிடிய படிக்கக் கொஞ்சம் நேரம் எடுக்கும்,” என்றேன். அறிமுகமில்லாத ஒருவரிடம் நான் அவ்வளவு நீளமாகப் பேசியதாக நினைவில்லை.

அவர் எடுத்துத் துடைத்து மறுபடி போட்டார். பிளேயர் சுற்றியது, யோசித்தது, பிறகு பாட்டின் எண்களைக் காட்டியது. மண்டபம் முழுக்க இசை எழுந்தது.

மூன்று பாட்டும் போன விதம் எனக்குத் தெரியாது. நான் ஸ்பீக்கருக்குப் பின்னால் நின்று நான்காவதற்காகக் காத்திருந்தேன். அது வந்தது. இரண்டு வரிசையும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்தன. அத்தனை கோலும் ஒரே அடியாக விழுந்தன. ஒரு விரல்கூட அடிபடவில்லை. பாட்டு கடைசித் தாளம் வரை ஓடி நின்றதும் எழுந்த கைதட்டல், கூரைத் தகரத்தில் மழை விழுவதுபோல இருந்தது.

மூச்சு வாங்க என் மனைவி மைக்கைப் பிடித்தாள். “இந்தப் பாட்டு கெட்டுப்போன சிடியில இருந்துச்சு. புதுசா எழுதிக் குடுத்தது என் வீட்டுக்காரர். அதோ, ஸ்பீக்கருக்குப் பின்னால ஒளிஞ்சிருக்கார் பாருங்க!”

மண்டபமே திரும்பியது. சிரிப்பும் விசிலும். பிறகு யாரோ, “இன்னொரு தடவை!” என்று கத்த, எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். ஒலிபெருக்கிக்காரர் முறுக்குத் தட்டைத் தேடிப் போயிருந்தார். பெண்கள் மறுபடி வரிசையில் நின்று கோலை உயர்த்தினார்கள். நான் வெளிச்சத்துக்கு வந்து, அத்தனை பேர் கண்ணுக்கு முன்னால் மேசை வரை நடந்துபோய், நான்காவது பாட்டை நானே அமுக்கினேன்.

எழுதியது: 12 டிசம்பர் 1999, ஞாயிற்றுக்கிழமை.