அம்மா வெளுத்த போர்வை

அக்கா அந்தப் போர்வையைத் தைத்தபோது நாங்கள் ராயபுரத்தில், ஹார்பரைப் பார்த்த ஒரு மாடிப் போர்ஷனில் இருந்தோம். கப்பலிலிருந்து நிலக்கரி இறக்கும் நாட்களில் காற்று எங்கள் பக்கம் திரும்பினால் போதும், சோற்றுப்பானை மூடியிலிருந்து என் காலேஜ் புத்தகம் வரைக்கும் கருப்பாக ஒரு மெல்லிய தூள் படியும். அம்மாவுக்கு அந்தத் தூள் ஜென்ம விரோதி. எந்நேரமும் கையில் ஈரத்துணியோடுதான் இருப்பாள்.

எங்கள் வீட்டில் காலேஜ் வரை போனது நான்தான். அக்கா எட்டாவதோடு நின்று, எக்ஸ்போர்ட் கம்பெனிக்குத் தைக்கப் போனவள். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை திருவொற்றியூரில் ஒரு தையல் கிளாஸ் ஹாலுக்கும் போவாள். கட்பீஸ் துணிகளை ஒட்டுப்போட்டுப் போர்வை தைக்கிற பெண்கள் அங்கே கூடி, தைத்ததை ஒருவருக்கொருவர் காட்டுவார்கள். கூட்டத்தை ஆரம்பித்தவர் பெரம்பூரிலிருந்து வரும் ஒரு டீச்சர். பூ, மயில் என்று பார்த்துப் பார்த்துத் தைப்பது அவருக்குப் பிடிக்காது. வெறும் கோடாக இருக்கட்டும், வெறும் கட்டமாக இருக்கட்டும், தைத்தவளுடையதாக இருக்க வேண்டும் என்பார்.

அக்கா முதலில் கொண்டுபோனது ரோஜாப்பூ. விரித்ததுமே காசிமேட்டில் மீன் விற்கும் ஒரு அம்மா, "இன்னாமே, காலண்டர கிழிச்சிகினு வந்துட்டியா?" என்று கேட்க, ஹாலே சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை. "தையல் நல்லா இருக்கும்மா. ஆனா இதுல நீ எங்க இருக்க?" என்றார். சிரிப்பைவிட அதுதான் அக்காவைக் குத்தியது.

"என்னத் தவிர ஒருத்தியாலயும் தெக்க முடியாத ஒண்ண எடுத்துகினு போறேன், நீ பாருடா," என்றாள் என்னிடம்.

கம்பெனியில் கழித்துப்போட்ட வெள்ளைப் பாப்ளினைச் சதுரம் சதுரமாக வெட்டி, வடிகஞ்சியில் முக்கி, ஈரத்தோடு ஆங்காங்கே கட்டிவிட்டாள். மொட்டைமாடியில் கடல் பக்கம் சில. மாடிப்படி ஜன்னலில் சில. பின்னால் ரயில் லைன் பக்கம் சில. கஞ்சி காயும்போது தூள் அதில் ஒட்டிக்கொள்ளும். கப்பல் வந்த வாரம் கட்டியது சிலேட்டு மாதிரி ஆனது. மழை வாரத்தில் கட்டியதில் லேசாகப் புகை பட்ட நிறம். அம்மாவிடம் அவள் சொல்லவில்லை, சொன்னால் விளக்குமாறு பறக்கும். அம்மாவோ, "காயப்போட்ட துணிய எடுக்கத் தெரியல, இவளக் கட்டிகினு எவன் பேஜாராவப் போறானோ," என்று புலம்பிக்கொண்டிருந்தாள்.

சதுரங்களை ஒட்டுப்போட்டு, உள்ளே அம்மாவின் பழைய புடவையை வைத்துத் தைத்து முடித்து, ஒரு மத்தியானம் தரையில் விரித்துக் காட்டினாள். கடல் பக்கத்துக் கருப்பு ஒரு ஓரத்தில் ஆரம்பித்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சாம்பலாகி, ரயில் லைன் பக்கம் போகப் போக வெளுத்திருந்தது.

"இது எங்க வூட்டுக் காத்துன்னு சொல்லப் போறேன். கரெக்டா கீதாடா?"

"அப்டியே சொல்லுக்கா," என்றேன்.

கூட்டத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் அவள் வேலை முடிந்து வந்தபோது, போர்வை வீட்டுக்குள் கொடியில், ஃபேனுக்கு அடியில் தொங்கியது. தூள் விழுந்துவிடக் கூடாதென்று அம்மா ஜன்னலைக்கூடச் சாத்தியிருந்தாள். புது வேட்டி மாதிரி அப்படி ஒரு வெள்ளை.

"நாலு பேரு பாக்கற எடத்துக்கு இம்மாம் அழுக்கயா தூக்கினு போவ? நல்லவேளை, என் கண்ணுல பட்டுச்சு," என்றாள் அம்மா. "ரெண்டு தபா சோடா போட்டுக் கொதிக்க வெச்சி, தொவச்சி, நீலம் போட்டேன். கையே பூடுச்சு போ."

நான் வாயைத் திறந்தேன். அக்கா பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன். சோடாவில் அம்மாவின் விரல்கள் தோலுரிந்து கிடந்தன. அதையே பார்த்துக்கொண்டிருந்த அக்கா, "தேங்காண்ணெ தடவுமா," என்றாள்.

மறுநாள் அக்காவுக்குத் துணையாக நான் போனேன், அம்மாவும் கூட வந்தாள்.

அந்த ஹாலில் ஒரு வழக்கம். போர்வையை இரண்டு பேர் ஆளுக்கொரு மூலையாகப் பிடித்து, தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு பின்னால் நிற்க வேண்டும். பார்ப்பவர்களுக்குத் தெரிவது துணியும் விரல்களும்தான். ஒரு மூலையை அக்கா பிடித்தாள், இன்னொன்றை நான்.

"ஐய, ஷோக்கா கீதே!" என்று யாரோ கத்தினார்கள். "ராயபுரத்துல இருந்துகினு இப்டி ஒரு வெள்ளயா? இன்னா சோப்பும்மா அது?" இது மீன்காரம்மாவின் குரல். அவ்வளவுதான், எங்கம்மா எழுந்துவிட்டாள். சோடா எவ்வளவு, நீலம் எப்போது கலக்க வேண்டும், ஏன் வெளியே காயப்போடக் கூடாது என்று ஒவ்வொன்றாகச் சொல்ல, எல்லோரும் குறுக்கே குறுக்கே கேள்வி கேட்டார்கள். அத்தனை பேர் நடுவில் அவள் வாய் திறந்து நான் கேட்டதே இல்லை. துணிக்கு இந்தப் பக்கம் அக்கா கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். தூக்கிய கை மட்டும் இறங்கவில்லை.

"நீ சொல்லும்மா, இதப் பத்தி," என்றார் டீச்சர்.

துணிக்குப் பின்னாலிருந்தபடியே அக்கா, "நான் தெச்சேன், டீச்சர். எங்கம்மா வெளுத்தாங்க," என்றாள்.

கைதட்டினார்கள். ரோஜாப்பூவுக்குக் கேட்ட கேள்வியை டீச்சர் அன்றைக்குக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அக்கா சொல்லியிருப்பாளோ என்று இப்போதும் நினைத்துக்கொள்வேன்.

"இன்னொண்ணு பண்ணுக்கா," என்று எத்தனையோ முறை சொன்னேன். "அம்மா கண்ணுல படாம எங்கடா கட்றது?" என்று சிரித்துவிடுவாள். அப்புறமும் தைத்தாள், நல்ல நல்ல போர்வைகள்தான். கஞ்சியில் மட்டும் எதையும் முக்கவில்லை.

அந்தப் போர்வையை அம்மா ஜன்னலோரக் கட்டிலில் விரித்துப் போட்டிருந்தாள். நாளடைவில் தூள் அதன்மேல் மறுபடி படிந்தது. ஆனால் எல்லாச் சதுரத்திலும் ஒரே மாதிரி படிந்ததால் கடல் பக்கம் எது, ரயில் பக்கம் எது என்று சொல்ல முடியவில்லை. ஒருநாள் அக்கா அதை விரலால் தடவி, விரல் நுனியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இன்னாடி, அழுக்காயிடுச்சா? குடு, ஊற வெச்சிடறேன்," என்று சமையல்கட்டிலிருந்து அம்மா கையை நீட்டினாள்.

அக்கா எழுந்து, போர்வையை உருவிக் கொடுத்தாள்.