போட்டது எங்கே போச்சு

எங்கள் ஆய்வகத்தில் அவருக்கு முகத்துக்கு முன்னால் அக்கா என்று பெயர், முதுகுக்குப் பின்னால் மிளகாய். கையுறை மாற்றாமல் சோதனைக் குழாயைத் தொட்ட ஒருவனை வாசல்வரை துரத்தியவர். பதினோரு வருடமாக ஒரே வேலை. எங்கள் கம்பெனியில் உயிரணுக்களை வளர்த்து அவற்றிலிருந்து ஊசி மருந்தைப் பிரிக்கிறார்கள். அந்த உயிரணுக்களின் டி.என்.ஏ. மருந்தில் எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்று அளந்து சொல்வார். வரம்பு மீறினால் அந்த பேட்ச் மருந்து மொத்தமும் வெளியே போகாது.

அன்று காலை பூஜ்யம் வந்தது. மேலாளருக்கு வாயெல்லாம் பல்.

"பளிங்கு மாதிரி இருக்கும்மா. கையெழுத்தப் போடு, லாரி நிக்குது."

"பக்கத்துக் குழாயப் பாருங்க சார்."

ஒவ்வொரு முறையும் அக்கா இன்னொரு குழாயில் அதே மருந்தோடு, தெரிந்த அளவு டி.என்.ஏ.வைத் தானே கலந்து வைப்பார். கலந்தது கணக்கில் வந்தாக வேண்டும். அதிலும் பூஜ்யம்.

"என் கையால போட்டது எங்க போச்சு? மருந்துல உப்பு மிச்சம் இருக்கு, அது சோதனைய அமுக்குது. கண்ணக் கட்டிட்டு திருடனே இல்லன்னு சொல்லச் சொல்றீங்க."

"நீ போட மறந்திருப்ப."

அக்காவின் காது மடல் சிவந்தது. "பதினோரு வருசத்துல மறந்த நாள் ஒண்ணு சொல்லுங்க, இப்பவே போடறேன் கையெழுத்து."

மேலாளர் நேராகக் கீழ்த்தளத்துக்குப் போனார். மருந்தை உப்பு போகக் கழுவிச் சுத்தம் செய்யும் பிரிவில்தான் அக்காவின் கணவர் வேலை பார்க்கிறார். சாப்பாட்டு நேரத்தில் கணவர் அக்கா முன்னால் வந்து நின்றார்.

"உப்புன்னு எழுதினா என் தலதான் உருளும். சூப்பர்வைசர் ஆகற நேரம். வீட்ட நெனச்சுப் பாரு."

"இதக் குத்திக்கிறவனுக்கும் ஒரு வீடு இருக்குங்க."

"உனக்கு ஊரெல்லாம் நல்ல பேர் வேணும்."

"ஊரே என்ன மிளகான்னு கூப்பிடுது. நல்ல பேராம்!"

பாதிச் சோற்றை மூடிவிட்டு அக்கா எழுந்தார். மருந்தைப் பத்து மடங்கு நீர்க்கச் செய்து சோதனையை மறுபடி ஓட்டினார். உப்பின் பிடி தளர்ந்தது. கலந்த டி.என்.ஏ. முழுசாக வந்தது, மருந்து மட்டும் இருந்த குழாய்க்கும் திரையில் கோடு எழுந்தது. பத்தால் பெருக்கினால், வரம்பைப் போல் இரண்டு பங்கு.

"நீர்க்க வெக்கலாம்னு யார் சொன்னா?" என்றார் மேலாளர்.

"சோதனை முறைல பன்னெண்டாம் பக்கம் சார். அடியில உங்க கையெழுத்து."

முதல் ஓட்டத்துக்கு எதிரே 'செல்லாது', இரண்டாவதுக்கு எதிரே 'வரம்பு மீறியது' என்று பேனா தாளைக் கிழிக்கும் அளவுக்கு அழுத்தி எழுதினார் அக்கா. லாரி காலியாகத் திரும்பியது.

மாலை கம்பெனி பஸ்ஸில் கணவர் கடைசி இருக்கையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அக்கா முன்னிருக்கையிலிருந்து எழுந்து திரும்பி நின்று கேட்டார்.

"எத்தன தடவ கழுவினீங்க?"

பஸ் மொத்தமும் திரும்பிப் பார்த்தது.

"ரெண்டு."

"எத்தன கழுவணும்?"

"மூணு. மேனேஜர்தான் அவசரம்னார்."

"அத எங்கிட்ட ஏன் சொல்றீங்க? நாளைக்கு எழுதிக் குடுங்க. அவர் பேரப் போட்டு."

கணவர் ஜன்னலைப் பார்த்தார். பஸ் கிளம்பியும் அக்கா திரும்பி நின்ற வாக்கிலேயே, கம்பியைப் பிடித்தபடி, பதிலுக்குக் காத்திருந்தார்.